அக்கரை இல்லாத காடு

வணக்கம் சார்,

தீவுக் காடுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். வெப்பமண்டலத் தீவில் ஒரு காட்டை வெட்டுவது, பெருநிலத்தில் அதே அளவு காட்டை வெட்டுவதைவிட மோசமானது என்கிறீர்கள். எனக்குச் சில சந்தேகங்கள். மழை கொட்டும் இடத்தில் வெட்டிய காடு பத்து இருபது வருடத்தில் தானாகப் பச்சையாகிவிடுகிறதே? இல்லாவிட்டால் நாமே நட்டுக்கொள்ளலாமே? அப்புறம், மொரிஷியஸ் தீவின் டோடோ பறவை அழிந்ததற்கு வேட்டையும் கப்பலில் வந்த எலியும் பன்றியும்தானே காரணம் என்று படித்திருக்கிறேன். காடு வெட்டுவதை ஏன் இவ்வளவு பெரிய குற்றமாகச் சொல்கிறீர்கள்? தீவில் இருப்பவர்களும் பிழைக்க வேண்டாமா?

ம.

அன்புள்ள ம.,

டோடோ பற்றி நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவிலும் அப்படித்தான், காடு நின்றுகொண்டிருக்கும்போதே பறவைகள் போய்விட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் சரக்கோடு வந்திறங்கிய பழுப்பு மரப்பாம்பு, அந்தத் தீவுக்கே உரிய காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைத் தின்று தீர்த்தது. ஆகவே மரம் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எலியிடமிருந்தும் பாம்பிடமிருந்தும் ஒளிந்து பிழைக்கக் கொஞ்சம் இடம் வேண்டும். காட்டை வெட்டும்போது அந்த இடம்தான் முதலில் போகிறது.

பிலிப்பைன்ஸின் செபு தீவைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அங்கே காடு ஏறக்குறைய முழுவதும் வெட்டப்பட்டுவிட்டது. செபு பூக்கொத்தி என்று ஒரு சின்னஞ்சிறு பறவை, அந்தத் தீவில் மட்டுமே வாழ்வது. காடே இல்லை, இனி பறவை எங்கே என்று ஆய்வாளர்கள் அதை அழிந்த பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 1992இல் தபுனான் என்ற இடத்தில் மிஞ்சியிருந்த ஒரு துண்டுக் காட்டில் அது மீண்டும் கண்ணில் பட்டது. யாரும் பொருட்படுத்தாமல் விட்ட ஒரு துண்டு! அதையும் யாராவது வெட்டியிருந்தால் நாம் இன்று அந்தப் பறவையின் பாடம் செய்த தோலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

சரி, காடு திரும்ப வளராதா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் தீவுக்கும் பெருநிலத்துக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. பெருநிலத்தில் ஒரு மலையை மொட்டையடித்தாலும் பக்கத்து மலையில் விதை இருக்கும். அதைத் தின்று எச்சமிடும் பறவை இருக்கும். அவை மெல்ல மெல்லத் திரும்பி வரும். தீவுகளிலும் கரைக்கு அருகில் இருப்பவற்றுக்கு இந்த அதிர்ஷ்டம் உண்டு. சிங்கப்பூர் 1819க்குப் பிறகு தன் இயற்கைக் காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் இழந்த தீவு. இருவாச்சிப் பறவைகள் அங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயின. ஆனால் 1994இல் புலாவ் உபின் என்ற குட்டித் தீவில் மறுபடியும் இருவாச்சி தென்பட்டது. ஜொகூர் நீரிணையின் அக்கரையில் மலேசியக் காடு இருந்ததால் பறந்து வர முடிந்தது. இன்று சிங்கப்பூரின் பல பகுதிகளில் அவற்றைப் பார்க்கலாம். அதே சிங்கப்பூரில், பறந்து வர முடியாத எத்தனையோ உயிர்கள் போனது போனதுதான்.

அக்கரை இல்லாத தீவுக்கு என்ன ஆகும்? இந்தியப் பெருங்கடலில் மொரிஷியஸிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் கிழக்கே ரொட்ரிகஸ் என்று ஒரு தீவு உண்டு. மொத்தமே 108 சதுர கிலோமீட்டர். மனிதர்கள் குடியேறி, வெட்டி, எரித்து, ஆடு மாடு மேய்த்து, காடு முற்றாகக் கரைந்த இடம். அங்கே 'கஃபே மரோன்' என்றொரு செடி இருந்தது. காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது, வெள்ளைப் பூ, ரொட்ரிகஸைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1980இல் ஓர் ஆசிரியர் வகுப்பில் அபூர்வச் செடிகளின் படங்களைக் காட்டித் தேடச் சொன்னார். ஒரு பையன் ஒரு கிளையோடு வந்து நின்றான். அந்த இனத்தில் உயிரோடிருந்த ஒரே செடி அது. ஊரில் அதற்கு மருந்துக் குணம் உண்டென்று நம்பிக்கை. செய்தி பரவியதும் கிளைகளை ஒடிக்க ஆட்கள் வந்தார்கள். வேலி போட்டும் ஒடித்தார்கள், மேலும் வேலிகள் போட வேண்டியிருந்தது.

1986இல் அதன் கிளைத்துண்டுகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு விமானத்தில் அனுப்பினார்கள். ஒன்று வேர் பிடித்தது, பூத்தது. பூத்துக்கொண்டே இருந்தது, ஆனால் காய்க்கவில்லை. 2003இல்தான் கார்லோஸ் மக்டலேனா என்ற தோட்டக் கலைஞர், பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடியை வெட்டிவிட்டு மகரந்தத்தை வைத்துப் பார்த்து, எத்தனையோ தோல்விகளுக்குப் பிறகு காய் பிடிக்க வைத்தார். ஒரு செடியிலிருந்து விதை எடுக்க இருபது வருடத்துக்கு மேல்! நட்டுக்கொள்ளலாமே என்கிறீர்களே, எதை நடுவது, விதை எங்கே என்பதுதான் என் கேள்வி.

பச்சையாகிவிடுகிறதே என்றீர்கள். தஹிதி தீவை வானிலிருந்து பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். 1937இல் அழகுக்காக ஒரு தாவரவியல் தோட்டத்தில் கொண்டுவந்து வைத்த மிக்கோனியா என்ற தென்னமெரிக்க மரம், இன்று அந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கில் பரவியிருக்கிறது. அதன் பெரிய இலைகளின் நிழலில் உள்ளூர்க் கன்றுகள் எழும்ப முடிவதில்லை. மொரிஷியஸில் வெட்டிய, சிதைந்த காடுகளை இதே மாதிரி சீனக் கொய்யா அடைத்துக்கொண்டது. செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் பச்சைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரம் நிற்பதாலேயே இனம் பிழைத்துவிட்டது என்றும் ஆகாது. அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் மட்டுமே இருந்த 'செயின்ட் ஹெலினா ஆலிவ்' என்ற மர இனத்தில், காட்டிலிருந்த கடைசி மரம் 1994இல் பட்டுப்போனது. வளர்ப்பிலிருந்த கடைசிக் கன்று 2003இல் இறந்தது. அதோடு முடிந்தது. காட்டை வெட்டியதோ அதற்குப் பல தலைமுறை முன்னால்.

பிழைப்பு பற்றி. மடகாஸ்கரில் நெல் விதைக்கவும் கரி மூட்டம் போடவும் காட்டை வெட்டும் குடும்பத்தை நோக்கி விரல் நீட்ட எனக்கு மனம் வராது. அவர்களுக்கு வேறு வழி காட்டாமல் காட்டை மட்டும் காப்பாற்றவும் முடியாது. ஆனால் பெரிய அளவில் வெட்டப்படும் காடுகள் பலவும் தீவுக்காரர்களின் பசிக்காக வெட்டப்படுவதில்லை. கிரேட் நிகோபாரில் துறைமுகத்துக்கும் நகரத்துக்குமாகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்கும் திட்டத்துக்கு 2022இல் அனுமதி தந்தார்கள். அந்தக் காட்டையே நம்பி வாழும் ஷோம்பென் மக்களும் தீவில் இருப்பவர்கள்தானே? அதற்கு ஈடாக மரம் நட முதலில் தேர்ந்தெடுத்த இடம் ஹரியானா. நிகோபார்த் தீவுகளில் மட்டுமே வாழும் மெகபோட் பறவை, கடலோரக் காட்டில் மண்ணையும் சருகையும் மேடாகக் குவித்து அதன் சூட்டில் முட்டையைப் பொரிக்க விடும். ஹரியானாவில் எத்தனை லட்சம் கன்று நட்டாலும் அந்தப் பறவைக்கு அதில் ஒரு சருகுகூட உதவாது.

கஃபே மரோன் விதைகள் பிறகு ரொட்ரிகஸுக்குத் திரும்பிப் போயின, அங்கே கன்றுகளும் வளர்ந்தன. விதை முளைத்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இளங்கன்றின் இலை, வளர்ந்த செடியின் இலை மாதிரியே இல்லை. குச்சியாக, பழுப்பாக, சருகு போல இருக்கிறது. தீவில் மேய்ந்த ராட்சத ஆமைகளின் கண்ணுக்குத் தப்பத்தான் இந்த வேடம் என்று கருதுகிறார்கள். அந்த ஆமைகள் அற்றுப்போய் இருநூறு வருடம் ஆகிறது. கன்று இன்னும் அவற்றுக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறது.