இனிப்பும் பாதாம் வாசமும் கலந்த பெர்ஃப்யூமைத் தினமும் போடுகிறவர்களுக்கு அதில் அப்படி என்ன பிடித்திருக்கிறது?

நானும் அந்தக் கட்சிதான். வேலை நாளோ, வீட்டில் சும்மா இருக்கிற நாளோ, எனக்கு அந்த வாசம்தான் வேண்டும். 'தின்கிற பொருள் மாதிரி மணக்கிறதே' என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. வெறும் இனிப்பு என்றால் அரை மணி நேரத்தில் திகட்டிவிடும். இந்த வகையைக் காப்பாற்றுவதே பாதாமின் லேசான கசப்புதான்.

வேடிக்கை என்னவென்றால், பாட்டிலுக்குள் பெரும்பாலும் பாதாமே இருக்காது. அந்த வாசத்துக்கு பென்சால்டிஹைடு என்ற வேதிப்பொருள். கொஞ்சம் பவுடர் சாயல் வேண்டுமென்றால் ஹீலியோட்ரோபின் என்ற இன்னொன்று. வறுத்த வாசம் வேண்டுமா, பைரசின்கள். வேர்க்கடலையையோ காப்பிக்கொட்டையையோ வறுக்கும்போது உண்டாகிற அதே சேர்மங்கள்தான். துளி கூடினாலும் கருகல் நெடி அடிக்கும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது டோங்கா விதை. தென் அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் விதை அது. அதிலிருக்கும் கூமரின் என்ற வேதிப்பொருளில் பாதாம், வனிலா, காய்ந்த புல் மூன்றும் ஒன்றாக மணக்கும். 1868-இல் வில்லியம் பெர்கின் (செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தாரே, அவரேதான்) கூமரினை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார். 1889-இல் கெர்லான் என்ற பிரெஞ்சு நிறுவனம் கொண்டுவந்த ஜிக்கி என்ற பெர்ஃப்யூமில் கூமரினும், வனிலா வாசம் தரும் வனிலினும் சேர்ந்தே இருந்தன. ஆக, இந்த மோகம் நேற்று வந்ததில்லை. தின்பண்ட வாசத்தை ஒளிவுமறைவில்லாமல் முன்னால் நிறுத்திப் பெயர் வாங்கியது 1992-இல் வந்த, பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் தியரி முக்லரின் ஏஞ்சல் பெர்ஃப்யூம். பஞ்சுமிட்டாய் போல மணக்கும் எத்தில் மால்டால் என்ற வேதிப்பொருளை, பச்சோலி என்ற வாசனைச் செடியின் மண் வாசத்தோடு மோதவிட்டார்கள். அங்கேயும் இனிப்பைத் தனியாக விடவில்லை, பாருங்கள்.

மனதுக்கு இதமாக இருப்பது ஏன்? மற்ற புலன்களின் செய்திகள் மூளையில் தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகச் சுற்றிப் போகின்றன. வாசனை மட்டும் உணர்ச்சி, நினைவு சார்ந்த பகுதிகளுக்கு நேராகவே போய்விடுகிறது. அதிலும் வனிலா, பாதாம் எல்லாம் பழகிய வாசம். ரசிக்கத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எனக்கு முக்கியம் வேறு. வனிலினும் கூமரினும் மெதுவாக ஆவியாகிறவை. மணிக்கட்டில் அடித்ததும் முதலில் ஸ்பிரிட் நெடி, அது போனதும் கசப்புப் பாதாம், மதியத்துக்கு மேல் தோலோடு ஒட்டிய மெல்லிய இனிப்பு. நெருங்கி நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும். நாம் வருவதற்கு முன்னால் நம் சென்ட் வந்து நிற்கிற சங்கடம் இல்லை.

தொல்லைகளும் உண்டு. வெயிலில் அளவு கூடினால் தலைவலிதான். வனிலின் நாளாக நாளாகப் பழுப்பேறும் என்பதால் வெள்ளைத் துணியில் அடிக்காதீர்கள். மூக்கு சீக்கிரம் பழகிவிடும். வாசம் போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் பாடு திண்டாட்டம்.

வாங்கும்போது காகிதப் பட்டையை முகர்ந்து முடிவு செய்ய வேண்டாம். கையில் அடித்துக்கொண்டு வேறு வேலையைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் அந்தக் கசப்பு கொஞ்சம் மிச்சமிருந்தால் வாங்கலாம். சர்க்கரை மட்டும் நின்றால் விட்டுவிடுங்கள்.