வெள்ளைக் கறைக்கு எது மருந்து?

கேள்வி: குழாய்க்கிணற்றுத் தண்ணீரால் பேசினிலும் குளியலறை டைல்ஸிலும் வெள்ளைக் கறை. அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்து தேய்த்தும் போகவில்லையே?
– வாசகி, பரந்தன்

பதில்: கலந்தால் நன்றாகப் பொங்கும், அவ்வளவுதான். அப்பச்சோடா காரம், வினாகிரி அமிலம்; ஒன்றையொன்று முறித்துவிடும். அந்தக் கலவையைப் போத்தலில் இறுக்கி மூடினால் வெடிக்கவும் கூடும்.

உங்கள் கறை சுண்ணாம்பு. அமிலம் மட்டும் போதும். வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ நனைத்த துணியை 30 நிமிடம் போர்த்திவிட்டு, பொச்சால் தேய்த்து நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சீமெந்துத் தரையிலும் மாபிளிலும் படவிடாதீர்கள், அரித்துவிடும். குளோரினோடு சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

சோடா குசினி எண்ணெய்ப் பிசுக்குக்கு: 3 கரண்டிக்கு 1 கரண்டி தண்ணீர். அரித்தெடுத்த அடுப்புச் சாம்பலும் நல்லதுதான், அலுமினியச் சட்டியில் மட்டும் வேண்டாம்.