வருடாவருடம் வரும் ‘வேர்க்குரு’: டேரியர் நோயாக இருக்குமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் மகளுக்கு 17 வயது. இரண்டு வருடமாக நெஞ்சிலும் காதுக்குப் பின்னாலும் பழுப்பு நிறத்தில் சொரசொரவென்று பருக்கள். கோடையில் அதிகமாகி நாற்றமும் வருகிறது. என் கணவருக்கும் வருடாவருடம் கழுத்தில் வேர்க்குரு வரும். பிள்ளை சரியாகக் குளிப்பதில்லை என்கிறார் மாமியார். இது ஒட்டுமா? நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்யவில்லை. பரம்பரை நோயாக இருக்க முடியுமா? தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா?

பதில்: குளியலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அம்மா. இதை உங்கள் மாமியாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாற்றம் அழுக்கால் வருவதல்ல. வெடித்த தோலில் பாக்டீரியா பெருகுவதால் வருவது. அந்த வயதுப் பெண்ணுக்குப் பருவைவிட இந்தப் பேச்சுதான் அதிகம் வலிக்கும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டேரியர் நோய் என்கிற பரம்பரைத் தோல் நோய் என்று சந்தேகிக்கிறேன். மகளின் விரல் நகங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அடியிலிருந்து நுனிவரை வெள்ளையும் சிவப்புமாக நீளக் கோடுகள் ஓடுகின்றனவா? கோடு முடிகிற இடத்தில் நகம் ‘வி’ வடிவில் பிளந்திருக்கிறதா? உள்ளங்கையில் ஊசி குத்தினாற்போல் குழிகள் இருக்கின்றனவா? அப்புறம் உங்கள் கணவரின் கையையும் பாருங்கள். அவருடைய வேர்க்குரு இதே நோயின் லேசான வடிவமாக இருக்கலாம். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நகத்தோடு நின்றுவிடும், இன்னொருவருக்கு மார்பு முழுக்கப் பரவும். ஒரு துண்டுத் தோலை எடுத்துப் பரிசோதித்தால் உறுதியாகிவிடும்.

இந்த நோயை 1889-இலேயே விவரித்துவிட்டார்கள். காரணமான ஏடிபி2ஏ2 மரபணு 1999-இல்தான் பிடிபட்டது. தோலின் செல்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோல் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிடி நிலைக்க, செல்லுக்குள் கால்சியம் அளவோடு இருக்க வேண்டும். இந்த மரபணு பழுதானால் அதைச் சீராக வைக்கும் பம்பும் பழுதாகிப் பிடி தளர்கிறது. (உணவிலுள்ள கால்சியம் வேறு விஷயம், பாலை நிறுத்த வேண்டாம்.) சொந்தத்தில் கட்டியதால் வருகிற வகையும் அல்ல இது. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடம் பழுதான மரபணு இருந்தாலே போதும். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் தோன்றலாம். ஆனால் ஒட்டாது: ஒரே துண்டு, ஒரே படுக்கை எதுவும் பயமில்லை.

காவடி விஷயத்துக்கு வருகிறேன். தைப்பூசம் டர்பனின் புழுக்கம் உச்சத்தில் இருக்கும் காலத்தில் வருகிறது. வெயில், வியர்வை, உரசல் மூன்றும் இந்த நோய்க்கு ஆகாதவை. எடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். காலையிலேயே, குறைந்த தூரம், தளர்வான பருத்தித் துணியில், சன்ஸ்கிரீன் பூசி எடுக்கட்டும். முடிந்ததும் குளிர்ந்த நீரில் குளிக்கட்டும். அலகு மட்டும் வேண்டாம். புண் இருக்கும்போது குத்திக்கொள்வது கிருமியைக் கூப்பிட்டு உள்ளே விடுவதாகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். திடீரென்று ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக எழும்பி, வலியும் காய்ச்சலும் வந்தால், அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை வைத்து வீட்டில் படுக்க வைக்காதீர்கள். ஹெர்பிஸ் வைரஸ் இந்தத் தோலில் வேகமாகப் பரவும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனால் வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்து கொடுப்பார்கள்.

அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் யூரியா கலந்த கிரீம், கிருமிநாசினிக் குளியல், ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) பூச்சு இவற்றால் பலர் நன்றாகச் சமாளிக்கிறார்கள். முதலில் கிளினிக்கில் காட்டி, தோல் நிபுணரிடம் போகப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். கடுமையாக இருந்தால் அசிட்ரெட்டின் மாத்திரை உண்டு. அதைச் சாப்பிடும்போதும், நிறுத்திய பிறகு மூன்று ஆண்டுகள் வரையும் கர்ப்பம் தரிக்கக் கூடாது, கருவைப் பாதிக்கும். அதனால் அந்த மாத்திரைப் பேச்சு வந்தால் மகளும் கூட உட்கார்ந்து கேட்க வேண்டும்.