காலையில் கிளினிக் போகவே மனம் வரவில்லை, பிசியோதெரபியை விட்டுவிடலாமா?

பிபிடி என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பை முடித்து இரண்டு வருடத்திலேயே வேலை வெறுத்துவிட்டது, துறையை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது ஆறாவது வருடத்தில் வந்தது.

அப்போது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிளினிக்கில் இருந்தேன். காலையும் மாலையுமாக முப்பது பேர், நடுவில் ஸ்கூட்டியில் இரண்டு வீட்டு விசிட். எங்கள் ஊரில் பிசியோதெரபி என்று யாரும் சொல்வதில்லை, "கரண்ட் வைக்க வந்தேன்" என்பார்கள். நான் "கரண்ட் வைக்கிற பொண்ணு". வலிக்கு லேசான மின்சாரம் கொடுக்கும் ஐஎஃப்டி கருவியின் பேடை ஒட்டி, டைமரைத் திருப்பிவிட்டு, அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டும். நாலரை வருடம் படித்தது இதற்குத்தானா என்று நினைக்கக்கூட நேரம் இருக்காது.

மேட்டூர் திறந்து குறுவை நடவு முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். நாள் முழுக்கக் குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நடுகிறவர்களிடம் "குனியாதீங்கம்மா" என்பேன். ஒரு அம்மா சிரித்தேவிட்டார்: "சேறு என்ன இடுப்பு ஒசரத்துலயா பாப்பா கெடக்கு?"

ஆனால் எனக்கு உறைத்தது வேறு இடத்தில். நீடாமங்கலம் பக்கம், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்த ஒரு பெரியவர். முறத்தில் ஒரு கை நெல்லைப் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து டம்ளரில் போடச் சொல்லியிருந்தேன். ஒன்றரை மாதம் உள்ளங்கையால் துழாவிக்கொண்டே இருந்தார். ஒரு சாயங்காலம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு நெல்லைத் தூக்கின. எவர்சில்வர் டம்ளரில் 'ணங்' என்று சின்னதாக ஒரு சத்தம். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த விசிட்டுக்கு நேரமாகிவிட்டதே என்பதைத் தவிர எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

இதைத்தான் பர்ன் அவுட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை விளக்கியபோது நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் தீராமல் நீடிப்பதால் வரும் நிலை என்றது. உடம்பை உறிஞ்சும் அசதி, வேலையில் ஒட்டாமை, நாம் செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம், இவை மூன்றும் அடையாளம். அசதியை நான் கட்டைவிரல் அடிமூட்டு வலியோடு சேர்த்து, இந்த வேலைக்கு இது சகஜம் என்று விட்டிருந்தேன். ஒட்டாமைதான் அந்த முறத்தின் முன்னால் பிடிபட்டது.

பத்து நாள் லீவ் போட்டேன். நன்றாகத் தூங்கினேன். திரும்பி வந்த மூன்றாம் நாளே பழைய கதை. சரி, ஓய்வில் தீருவதில்லை இது என்று புரிந்தது. ஆளுக்கு அரை மணி நேரம் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். "வர்றவங்களே கரண்ட் போதும்ங்கிறாங்க, உனக்கென்னம்மா?" என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை.

வெளியே வந்து ஒரு அறை வாடகைக்குப் பிடித்தேன். இப்போது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர். முதல் வருடம் பழைய சம்பளத்தில் பாதிகூடத் தேறவில்லை, வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுவார்கள். நடவுக்குப் போகிறவர்களிடம் குனியாதே என்று சொல்வதை விட்டுவிட்டேன். ஒரு முடி நாற்று தீர்ந்ததும் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து ஐந்து தடவை பின்னால் வளையச் சொல்கிறேன். முன்பு ஐந்தாறு பயிற்சி எழுதிக் கொடுப்பேன், யாரும் செய்ய மாட்டார்கள், எனக்குக் கோபம் வரும். இதைச் செய்கிறார்கள்.

நீங்களும் துறையை விடுவதற்கு முன் ஒரு லீவ் போட்டுப் பாருங்கள். எனக்குப் போலவே உங்களுக்கும் பழைய கதை திரும்பினால் முதலில் இடத்தை மாற்றுங்கள். ஆனால் லீவிலும் தூக்கம் இல்லை, வீட்டிலும் எதிலும் பிடிப்பில்லை என்றால் அது வேறு விஷயம். அதற்கு மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும், இங்கே வரும் பதில்களை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.