பதினெட்டோடு தாபரிப்புக் காசு நின்றுவிடுமா? கம்பஸ் போகும் பிள்ளைக்கு எதுவரை கேட்கலாம்?

தருமபுரத்தில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். கணவர் பிரிந்து போய்ப் பல வருடம். கிளிநொச்சி நீதவான் நீதிமன்றத்தில் மகளுக்குத் தாபரிப்புக் கட்டளை (பராமரிப்புச் செலவைக் கட்டச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு) எடுத்து, அரச திணைக்களத்தில் சாரதியாக இருக்கும் தகப்பனின் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டி வந்தார்கள். மகளுக்கு 18 முடிந்ததும் அது நின்றுவிட்டது. இப்போது அவளுக்கு 20 வயது, வவுனியா பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. தகப்பனிடம் கேட்டால் "பதினெட்டு முடிஞ்சுது, கோர்ட்டே நிப்பாட்டிப்போட்டுது, இனி எனக்குக் கடமை இல்லை" என்கிறாராம். அது சரியா, திரும்ப வழக்குப் போடலாமா, படிப்பு முடியும்வரை கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

தகப்பன் சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதியைத்தான் அவருக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லவில்லை.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பிள்ளைகளை மூன்று விதமாகப் பார்க்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை. 18க்கும் 25க்கும் இடைப்பட்ட, வயது வந்த பிள்ளை. அடுத்தது, உடலாலோ மனதாலோ இயலாமல் இருப்பதால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை, அதற்கு வயதெல்லையே கிடையாது. உங்கள் கையில் இருந்த கட்டளை முதலாவது விதத்தின் கீழ் எடுத்தது, அதனால் 18வது பிறந்தநாளோடு அதன் உயிர் போய்விட்டது. நீதிமன்றம் உங்களுக்கு அநியாயம் செய்யவில்லை. ஆனால் மகளுக்கு இரண்டாவது விதத்தின் கீழ் ஒரு புது உரிமை அதே நாளில் தொடங்கியிருக்கிறது. அது தானாக நடக்காது, கேட்டால்தான் நடக்கும். பழைய கட்டளையை நீட்டித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், வயது வந்த பிள்ளை என்ற வகையில் புது விண்ணப்பம் போடுங்கள்.

யார் போடுவது? மகளே தன் பெயரில் போடட்டும். 1989இல் இருந்து இந்த நாட்டில் 18 முடிந்தவர் முழு உரிமை உள்ள ஆள், தன் வழக்கைத் தானே நடத்தலாம். "பிள்ளையைத் தகப்பனுக்கு எதிராக் கோர்ட் ஏத்துறதோ" என்று தாய்மார் தயங்குவது எனக்குத் தெரியும், ஊரும் அதைத்தான் சொல்லும். ஆனால் இது குற்ற வழக்கு மாதிரி தகப்பனை மறியலுக்கு அனுப்பக் கேட்பது இல்லை, படிக்கிற பிள்ளை தனக்கு வேண்டிய சாப்பாட்டுக்கும் இருக்க இடத்துக்கும் பெற்றவரிடம் கேட்பது. கூச்சப்பட அதில் எதுவும் இல்லை என்று மகளிடம் நீங்களே சொல்லுங்கள்.

இனி முக்கியமான இடம். சட்டம் "மாணவர்" என்று கேட்கவில்லை, "தன்னைத் தானே தாபரிக்க இயலாதவர்" என்று கேட்கிறது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தை மட்டும் நீட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்துப் போகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நீதவான் தெரிந்துகொள்ள விரும்புவது: இந்தப் பிள்ளைக்கு மாதம் எவ்வளவு தேவை, அதில் எவ்வளவு அவளுக்கு வேறு வழியில் வருகிறது, ஏன் அவளால் உழைக்க முடியாது, தகப்பனுக்கு எவ்வளவு வருகிறது, தாய்க்கு எவ்வளவு வருகிறது. தாயின் வருமானத்தையும் பார்ப்பார்கள், ஏனென்றால் இந்தச் சட்டத்தில் கடமை தகப்பனுக்கு மட்டும் இல்லை, பெற்றோர் இருவருக்கும் உண்டு. நீங்கள் தையல் தைத்தோ கச்சான் போட்டோ உழைப்பதை மறைக்க வேண்டாம். மறைத்தது பிறகு வெளியில் வந்தால் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே மகளை ஒரு சீ.ஆர். கொப்பியில் செலவை எழுதச் சொல்லுங்கள், இரண்டு மாதத்துக்காவது. பல்கலைக்கழகம் பம்பைமடுவில், டவுனில் இருந்து மன்னார்ப் பக்கம் பஸ் எடுக்க வேண்டும், விடுதி கிடைக்காவிட்டால் வெளியே போர்டிங். உதாரணத்துக்கு ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்: அறை வாடகை 8,000, சாப்பாடு 15,000, பஸ் 3,500, போட்டோக்கொப்பியும் கொப்பி பேனையும் 2,000, டேட்டா 1,500, வீட்டுக்கு வந்துபோக 2,000, சோப்பு, மருந்து, பெண்பிள்ளைக்குரிய செலவு 3,000. கூட்டினால் 35,000. பிறகு அதற்குக் கீழே மகாபொல புலமைப்பரிசில் அல்லது வேறு உதவிப்பணம் வருகிறதென்றால் அதைக் கழித்து எழுதுங்கள். கழித்து எழுதிய கணக்கை எதிர்த்தரப்புச் சட்டத்தரணியால் ஆட்ட முடியாது. வாடகைக்குப் போர்டிங் வீட்டுக்காரரின் கையெழுத்துப் போட்ட துண்டு ஒன்று, மற்றதற்கு முடிந்த அளவு பற்றுச்சீட்டு. "மாதம் ஐம்பதினாயிரம் வேணும்" என்று வாயால் சொல்வதைவிட 35,000 ரூபாயை வரி வரியாகக் காட்டுவதுதான் எடுபடும்.

அதோடு கொண்டுபோக வேண்டியவை: மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம், பழைய வழக்கின் இலக்கமும் கட்டளையின் பிரதியும் (பழைய கோவை இருந்தால் தகப்பன் யார் என்பதைத் திரும்ப நிரூபிக்கத் தேவை வராது), தகப்பன் வேலை செய்யும் இடத்தின் விபரம்.

பிறப்பு அத்தாட்சியைப் பற்றி வன்னிக்காரர் தனியாகக் கவனிக்க வேண்டும். 2007, 2008இல் பிறந்த பிள்ளைகள்தான் இப்போது இந்த வயதுக்கு வருகிறார்கள். இடம்பெயர்வுக்குள்ளே பிறந்த பிள்ளைகள், பதிவு இல்லாமல் இருந்து பிறகு முகாமிலோ மீள்குடியேறிய பிறகோ பதிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். சிலருடையதில் திகதி ஒரு வருடம் தள்ளி இருக்கும், சிலருடையதில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். நீதிமன்றத்துக்குப் பத்திரத்தில் உள்ள வயதுதான் வயது, 25 வரைக்கும் அதை வைத்துத்தான் எண்ணுவார்கள். தகப்பன் பெயர் இல்லாவிட்டாலும், தாய் தகப்பன் கலியாணம் பதியாமல் இருந்தாலும் பிள்ளையின் உரிமை போகாது, ஆனால் அவர்தான் தகப்பன் என்பதை வலுவான சான்றோடு காட்ட வேண்டும், மறுத்தால் மரபணுப் பரிசோதனைவரை போகும். அப்படிப்பட்ட பிள்ளை வைத்திருப்பவர்கள் 18 வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பதிவகத்துக்குப் போய் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நிலுவை பற்றி: 18 முடியும் முன்பு தகப்பன் கட்டாமல் விட்ட மாதங்கள் இருந்தால் அந்தக் காசு செத்துவிடவில்லை. கட்டளை முடிந்தாலும் அது உயிரோடு இருந்த காலத்து நிலுவையைக் கேட்கலாம். ஆனால் 18க்கும் இப்போதைக்கும் இடையில் கட்டளை எதுவும் இல்லாத இரண்டு வருடத்தை "நிலுவை" என்று கேட்க முடியாது. இதனால்தான் சொல்கிறேன், இன்னும் ஒரு வருடம் பார்ப்போம், முதல் செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

படிப்பு முடியும்வரை கிடைக்குமா? 25வது பிறந்தநாள்வரை, அதுவும் தேவை இருக்கும்வரை. உங்கள் மகளுக்கு இப்போது 20, நாலு வருடப் பட்டம் என்றால் கணக்குச் சரியாக வருகிறது. ஆனால் உயர்தரம் இரண்டாந்தரம், மூன்றாந்தரம் எடுத்துவிட்டு மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போகிற பிள்ளைக்குக் கடைசி வருடத்தில் 25 வந்துவிடும், அதற்குப் பிறகு இந்தப் பிரிவின் கீழ் தகப்பனை வற்புறுத்த முடியாது. இது எனக்கு மனத்துக்கு ஒப்பாத இடம். இங்கே பரீட்சை முடிந்து பல்கலைக்கழக வாசல் மிதிக்கவே பிள்ளைகளுக்கு 20, 21 ஆகிவிடுகிறது, போரில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்கு இன்னும் பிந்தியது. விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருப்பவர்கள், இணக்கத்துக்கு வரும்போது "முதற் பட்டம் முடியும்வரை" என்று எழுத்தில் போட வைக்கலாமா என்று சட்டத்தரணியிடம் இப்போதே கேளுங்கள்.

இடையில் நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்கலாம், இரு பக்கமும். கல்வியியற் கல்லூரியிலோ தாதியர் பயிற்சியிலோ சேரும் பிள்ளைக்கு மாதக் கொடுப்பனவு வரும், அதைப் பார்த்துத் தொகை குறையலாம். படிப்பை விட்டு நிரந்தர வேலைக்குப் போனால் "இயலாதவர்" என்ற நிலையே மாறிவிடும். உங்கள் முன்னாள் கணவருக்கு வேறு குடும்பமும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறது என்றால் அதையும் அவர் நீதவானுக்குச் சொல்லலாம். தொகையைத் தீர்மானிக்கும்போது அதையும் பார்ப்பார்கள், ஆனால் அதற்காக முதல் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய கடமை இல்லாமல் போகாது. இதை வாசிக்கிற தகப்பன்மாருக்கும் ஒன்று: கஷ்டம் என்றால் நீதிமன்றத்துக்குப் போய்க் குறைக்கக் கேளுங்கள், நீங்களாக நிப்பாட்டாதீர்கள். கட்டளை இருக்கும்போது கட்டாவிட்டால் பிடியாணை, சம்பள வெட்டு, மறியல்வரை போகும்.

பொலிஸ் நிலையத்தில் "இனிக் காசு கேட்க மாட்டேன்" என்று கையெழுத்து வைத்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகம் தாபரிப்புக் கட்டளை இல்லை, பிள்ளையின் உரிமையைத் தாய் எழுதிக் கொடுத்து முடிக்கவும் முடியாது. தேசவழமைப்படி (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டம்) என்ன என்றும் சிலர் கேட்பதுண்டு. அது காணிக்கும் சீதனத்துக்கும் முதுசத்துக்கும், இதற்கு நாட்டின் பொதுச் சட்டம்தான். முஸ்லிம் குடும்பங்கள் மட்டும் காதி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

செல் துண்டு பட்டோ கால் இழந்தோ பிறவியிலேயோ உழைக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கு 25 என்ற கோடு இல்லை. வைத்திய அறிக்கை வேண்டும், எந்த வயதிலும் கேட்கலாம். முப்பது வயது மகனைக் கழுவித் துடைத்துப் பார்க்கிற தாய்மார் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள், பதினெட்டோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு. உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், வருமானம் குறைவு என்பதற்கு விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கடிதம் எடுத்துக்கொண்டு. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டால் எங்கே, எந்த நாள் போக வேண்டும் என்று சொல்வார்.

கட்டளை கிடைக்கும்போது காசு மகளின் சொந்த வங்கிக் கணக்குக்கே வரும்படி கேளுங்கள். கையில் வாங்கினால் "குடுத்தனான்", "தரேல்லை" என்று திரும்பச் சண்டை வரும். வழக்குத் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், பரீட்சை நாளில் விழுந்தால் மகளின் பரீட்சை அட்டவணையைக் காட்டி வேறு தவணை கேட்கச் சொல்லுங்கள்.