‘இடையூறு’ என்று எழுதினால் மட்டும் போதுமா?

கேள்வி: துறையூர் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. அப்பா 1987-ல் கிரயம் வாங்கியது. அவருக்குப் பிறகு பட்டா என் பெயருக்கு வந்துவிட்டது. வேலி போடப் போனால் மேற்குப் பக்கத்துக்காரர் தடுக்கிறார். நான் ஊன்றிய கற்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். உங்கள் பக்கம் ஆறடி எனக்கு வரவேண்டும் என்கிறார். போதாததற்குத் தன் டிராக்டரையும் எங்கள் தோட்டத்து வழியாகவே ஓட்டிப் போகிறார். ‘எனக்கு இடையூறு செய்கிறார்’ என்று ஸ்டேஷனில் மனு கொடுத்தேன். சிவில் மேட்டர் என்று அனுப்பிவிட்டார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கும் ஒருவர், நாற்பதாயிரம் கொடுத்தால் மூன்றே நாளில் ஸ்டே வாங்கித் தருகிறேன் என்கிறார். சட்டப்படி இடையூறு என்றால் என்ன? நான் எழுதியதில் என்ன தப்பு?

பதில்: அம்மா, முதலில் அந்த நாற்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எழுதியது தப்பில்லை, போதாது. பிள்ளை படிக்கும்போது டிவி அலறினாலும் இடையூறுதான், கடை வாசலில் எவனாவது பைக்கை நிறுத்தினாலும் இடையூறுதான். பேச்சு வழக்கில் அவ்வளவு அகலமான சொல் அது. சிவில் கோர்ட்டில் அதை ரொம்பக் குறுக்கிப் பிடிப்பார்கள். ‘வாதியின் அமைதியான சுவாதீன அனுபவத்தில் பிரதிவாதி எவ்விதத்திலும் இடையூறு செய்யக்கூடாது’ என்று தீர்ப்பில் வரும் வாசகத்தைக் கவனியுங்கள். வழக்குப் போடும் தேதியில் நிலம் உங்கள் கையில் இருக்கவேண்டும். எதிராளி ஏதாவது ஒரு காரியம் செய்திருக்கவேண்டும், அல்லது செய்யப்போவதாக மிரட்டியிருக்கவேண்டும். அந்தக் காரியத்தைச் செய்ய அவருக்கு உரிமை இருக்கக்கூடாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கோர்ட் கணக்கில் அது இடையூறு ஆகாது.

உங்கள் கடிதத்தில் அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று தகராறுகள் கிடக்கின்றன.

முதலாவது, வேலியைத் தடுத்ததும் கல்லைப் பிடுங்கியதும். இது நேரான இடையூறு. இதற்கு நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது இதைச் செய்யாதே என்று கோர்ட் போடும் தடை உத்தரவு, கேட்டு மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். 1963-ம் வருடத்து குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 38-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. நிலம் உங்கள் அனுபவத்தில், அதாவது கையில், இருப்பதைக் காட்ட கிரயப் பத்திரம், பட்டா, அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு), கந்தாய ரசீது, பம்ப்செட் கரண்ட் இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால் அந்தக் காகிதம், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பட்டா மட்டுமே சொத்துரிமை ஆகிவிடாது, ஆனால் அனுபவத்துக்கு நல்ல சாட்சி.

இரண்டாவது, அந்த ஆறடி. மேற்கு எல்லை முந்நூறு அடி நீளம் என்று வைத்துக்கொண்டால் 1,800 சதுர அடி, நாலு சென்டுக்கு மேல் வருகிறது. இங்கே அவர் சும்மா வம்பு செய்யவில்லை, அந்த இடமே தன்னுடையது என்கிறார். ஆகவே இதை வெறும் இடையூறு என்று எழுதினால் வழக்கு பாதியில் நொண்டும். 2008-ல் அனதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொல்லிவிட்டது. தொல்லை மட்டும் என்றால் உறுத்துக்கட்டளை போதும். உரிமையின் மேலேயே சந்தேகம் கிளம்பியிருந்தால் ‘இது என் சொத்து’ என்று விளம்புகையும் சேர்த்துக் கேட்கவேண்டும். நிலம் எதிராளி கைக்கே போயிருந்தால் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கவேண்டும். தப்பான பரிகாரத்தைக் கேட்டுப் பல வருடம் கழித்துத் தள்ளுபடி ஆகி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறடியை அவர் உழுது பிடித்தே விட்டார் என்றால், பிடித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதே குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-வது பிரிவில் வழக்குப் போட வழி உண்டு. அதில் நிலம் யாருடையது என்ற விசாரணையே இல்லை. உங்களைச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினாரா என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். ஆறு மாதம் தாண்டினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எல்லைச் சண்டையில் அளக்காமல் கோர்ட்டுக்குப் போகவே கூடாது. பணம் கட்டி அரசு சர்வேயரை வைத்து, புலப்படத்தின்படி (நிலத்தின் அளவுகள் குறித்த அரசு வரைபடம்) அளந்து கல் போடச் சொல்லுங்கள். நோட்டீஸ் பக்கத்துக்காரருக்கும் போகவேண்டும், அதில் கவனமாக இருங்கள். சர்வேயர் தேதி கொடுத்து வராமல் போவார், வந்தால் சங்கிலி இல்லை என்பார், எதிராளி கூச்சல் போட்டால் ‘ஆட்சேபணை இருக்கிறது’ என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார். பணம் கட்டியவரை இப்படி அலையவைப்பதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. அப்படி எழுதிவிட்டுப் போனாலும் அந்தக் காகிதத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கோர்ட்டில் வழக்கறிஞர் ஆணையரையும் (இடத்தை நேரில் பார்க்க கோர்ட் அனுப்பும் வக்கீல்) சர்வேயரையும் வைத்து அளக்கச் சொல்லிக் கேட்கும்போது அது உதவும். இன்னொன்று, நீங்களாக ஊன்றிய கல்லைப் பிடுங்குவது வேறு. அரசு அளந்து நட்ட கல்லைப் பிடுங்குவது தனிக் குற்றம். அதற்கு ஸ்டேஷன்காரர் சிவில் என்று கைகழுவ முடியாது.

மூன்றாவது, டிராக்டர். எல்லாரும் சறுக்குகிற இடம் இது. எத்தனை வருடமாக ஓட்டுகிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. வசதியுரிமை என்பது அடுத்தவர் நிலத்தைப் பாதை போன்ற தேவைக்குப் பயன்படுத்தும் உரிமை. 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, ஒருவர் உங்கள் நிலத்தின் வழியாக 20 வருடம், ஒளிவுமறைவில்லாமல், சண்டையில்லாமல், இடைவிடாமல், உரிமையாகவே போய்வந்திருந்தால் அந்தப் பாதை அவருக்கு உரிமையாகிவிடும். அப்புறம் நீங்கள் முள்ளை வெட்டிப் போட்டு மறித்தால் இடையூறு செய்தவர் நீங்கள்தான். வாதியாகப் போய்ப் பிரதிவாதியாகத் திரும்பவேண்டியதுதான்.

‘உரிமையாகவே’ என்பதில்தான் சூட்சுமம். உங்கள் அப்பா ‘சரி, போய்க்கோப்பா’ என்று அனுமதி கொடுத்து அவர் போயிருந்தால் ஐம்பது வருடம் ஆனாலும் உரிமை பிறக்காது. அது தயவு, பொதுவாக நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு அத்தாட்சி வேண்டும்: ஒரு கடிதம், வருடத்துக்கு இரண்டு மூட்டை சோளம் கொடுத்த பேச்சு, அதை அறிந்த பெரியவர் ஒருவர். நடுவில் ஒருநாள் மறித்தேனே என்பீர்கள். நீங்கள் போட்ட கட்டையை அவர் மறுநாளே எடுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தால் அது முறிவு ஆகாது. மறித்ததை அறிந்தும் ஒரு வருடம் அடங்கியிருந்தால்தான் முறிவு. அப்புறம் இந்த 20 வருடம் எப்போதோ முடிந்த பழங்கதையாகவும் இருக்கக்கூடாது, வழக்குக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வந்து முடியவேண்டும். கால்நடையாக நடந்த பாதை டிராக்டர் பாதை ஆகிவிடாது, ஒருவகைப் பாதை உரிமைக்குள் வேறுவகை அடங்காது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே அவர் வரப்பில் நடந்தாரா, மாட்டுவண்டி ஓட்டினாரா, டிராக்டர் எப்போது வாங்கினார் என்று விசாரியுங்கள். கடைசியாக ஒன்று: உங்கள் அப்பாவுக்கு விற்றவரும் அவர் தரப்புக்கு விற்றவரும் ஒரே ஆள்தானா என்று மூலப்பத்திரத்தில் பாருங்கள். ஒரே நிலமாக இருந்து பிரிந்து, அவருக்கு வேறு வழியே இல்லாமல் போயிருந்தால் 20 வருடக் கணக்கே தேவையில்லை, அவசிய வசதியுரிமை என்று தனியாகக் கேட்பார். அவருக்கு வேறு பாதை கிடைத்துவிட்டால் அந்த உரிமையும் முடிந்துபோகும்.

இப்போது அந்த ஸ்டே வியாபாரிக்கு வருவோம். எதிராளியைக் கேட்காமலே இடைக்காலத் தடை கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஏன் கேட்கவில்லை என்று காரணம் எழுதவேண்டும், 30 நாளுக்குள் அந்த மனுவை முடிக்கவும் முயலவேண்டும். அந்த முப்பது நாள் சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது, வாய்தா மேல் வாய்தாவாக ஓடும், அது வேறு விஷயம். மூன்று நாளில் முடித்துத் தருகிறேன் என்று வெளியாள் எவனும் வாக்குக் கொடுக்க முடியாது. இவர்கள் செய்வது என்ன தெரியுமா? ஏதோ ஒரு வக்கீலிடம் ஐந்தாறாயிரத்துக்கு கேவியட் போட்டு, சீல் வைத்த காகிதத்தைக் காட்டி ‘ஸ்டே வந்துவிட்டது’ என்பார்கள். கேவியட் என்பது, எதிராளி வழக்குப் போட்டால் எனக்கும் சொல்லிவிட்டு உத்தரவு போடுங்கள் என்கிற முன்னறிவிப்பு மனு, 90 நாள்தான் செல்லும். அதை வைத்து யாரையும் தடுக்க முடியாது. அதே ஆள் சாயங்காலம் உங்கள் பக்கத்துக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘அந்த அம்மா கேஸ் போடுது, நீங்களும் போடுங்க’ என்று அங்கேயும் ஒரு தொகை வாங்குவார்.

உங்களுக்கு வக்கீலுக்குப் பணம் கொடுக்கவேண்டிய அவசியமே இல்லை. 1987-ம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் ஊர் கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும், நேரே போய் மனு கொடுங்கள். இதை ஒரு போர்டில் பெரிதாக எழுதி தாலுகா ஆபீஸ் வாசலில் வைத்தால் பாதித் தரகர்கள் ஊரைவிட்டே போய்விடுவார்கள். வைக்கமாட்டார்கள்.

ஸ்டேஷனுக்கு மறுபடி போவதானால் ‘இடையூறு செய்கிறார்’ என்ற ஒற்றை வரியோடு போகாதீர்கள். இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இன்ன சர்வே எண்ணின் மேற்கு எல்லையில், நான் ஊன்றிய இத்தனை கற்களை இன்னார் பிடுங்கினார், தடுத்தபோது இப்படிச் சொல்லி மிரட்டினார், பார்த்தவர் இன்னார் என்று எழுதுங்கள். மிரட்டலும் சேதமும் இருந்தால் அந்தப் பகுதி போலீஸ் வேலை. மனு ரசீது வாங்காமல் வராதீர்கள். வழக்கு எழுதும் வக்கீலுக்கும் இதே விவரம்தான் வேண்டும். பிடுங்கிய கற்களை இப்போதைக்கு எடுத்து ஊன்றவேண்டாம். கிடக்கிற நிலையில் போட்டோ எடுத்துவிட்டு, முதலில் சர்வேக்குப் பணம் கட்டுங்கள்.