நர்ஸ் என்றால் செவிலியர் மட்டும்தானா?

நர்ஸ் ஆஸ்பத்திரியில் இருப்பவர், செடி விற்கும் இடம் எப்படி நர்சரி ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் வேர், ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் லத்தீன் சொல். முதலில் நர்ஸ் என்பவள் பிறர் பிள்ளைக்குப் பாலூட்டியவள், நோயாளியெல்லாம் பிறகுதான். மனதில் பகையை வளர்த்தாலும் ஆங்கிலத்தில் வினை அதே ‘நர்ஸ்’தான்.

நம் செவிலியும் முதலில் பிள்ளை வளர்த்தவள்தான். சங்க அகப்பாடல்களில் அவள் தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். இன்று ஆண் நர்ஸும் செவிலியர். பேச்சில் என்னவோ காரைக்குடியிலும் ‘சிஸ்டர்’தான்!

இன்னொன்று: பிள்ளை பார்ப்பவரை ஆயா என்பது போர்ச்சுக்கீசிய வழி வந்த வழக்கு. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். ‘ஆயா வேலைக்கு ஆள் இருக்கா?’ என்று அங்கே யோசித்துக் கேளுங்கள்.